எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைக்காதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை, கால் ஓரளவு தேறிவிட்டது. விழுங்குவதுதான் இன்னும் சிரமம். சாப்பாட்டைக் கூழ் பதத்தில் அரைத்துத்தான் தர வேண்டும், தண்ணீரில்கூட கெட்டியாக்கும் பவுடர் கலக்க வேண்டும் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். சோறு, குழம்பு, காய் மூன்றையும் மிக்ஸியில் அடித்து ஊட்டுகிறோம். நான்கு வாய்க்கு மேல் வாங்குவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 56 கிலோ இருந்தவர் இப்போது 50. மீன் குழம்பு என்றால் அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டவர். என்ன செய்வது?

பதில்:

முதலில் அந்த எடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று நாங்கள் பார்க்கத் தொடங்குவோம். அம்மாவுக்கு இரண்டே மாதத்தில் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இதை அடம் என்றோ வயசான பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் 19 வருடமாக மருத்துவமனையில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன். என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். கடைசி நான்கு வருடம் அரைத்த சாப்பாடுதான். அதனால் வார்டில் கற்றதையும் அடுப்படியில் கற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தெரபிஸ்ட் மாற்றச் சொன்னது பதத்தை மட்டும்தான். ருசியையோ மணத்தையோ நிறத்தையோ சாப்பாட்டின் பெயரையோ அவர் மாற்றச் சொல்லவில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்றால், மூன்றும் ஒரே ஜாருக்குள் போன நிமிடத்தில் இவை எல்லாமும் சேர்ந்து போய்விடுகின்றன. சாம்பார் சாதமும் கேரட் பொரியலும் கீரையும் ஒன்றாக அரைபட்டால் கிடைப்பது ஒரு பழுப்பு நிறக் குழம்பல். நேற்றும் அதே நிறம், இன்றும் அதே நிறம். பெயரும் கிடையாது. "இந்தாம்மா, வாயைத் திற" என்று அதை நீட்டினால் யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பத்தான் செய்வார்கள்.

ஒரு வேலை செய்து பாருங்கள். இன்று மதியம் அம்மாவுக்கு அரைத்ததிலேயே நீங்களும் ஒரு கிண்ணம் எடுத்து, முழுவதையும் சாப்பிடுங்கள். அப்பாவுக்காக நான் அப்படி முதல்முறை சாப்பிட்டபோது மூன்றாவது கரண்டியில் என்ன சாப்பிடுகிறேன் என்றே தெரியவில்லை. உப்பும் குறைவு, ஏனென்றால் பி.பி. இருக்கிறது என்று குறைத்திருந்தோம். காரமும் இல்லை, புரை ஏறுமோ என்ற பயம். வயதான ஒருவர் ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும்போது பத்தியத்துக்கு மேல் பத்தியம் போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. சர்க்கரை, சிறுநீரகம், இதயம் என்று வேறு நோய் இருந்தால் டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்: "எடை இவ்வளவு குறைந்திருக்கிறது, இந்தக் கட்டுப்பாடுகளில் எதைத் தளர்த்தலாம்?" பல சமயம் தளர்த்துவார்கள்.

சரி, பதத்துக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் "செமி சாலிட்" என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்பிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை வைத்து யாருக்கும் எதுவும் புரியாது. 2013-இல் தொடங்கிய ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டு முயற்சி, பானத்துக்கும் உணவுக்கும் சேர்த்து 0 முதல் 7 வரை நிலைகளை வகுத்திருக்கிறது. 0 என்பது வெறும் தண்ணீர், 7 என்பது நாம் சாப்பிடும் வழக்கமான சாப்பாடு. 4 என்பது மெல்லத் தேவையில்லாத, கட்டியே இல்லாத கூழ். 5 என்பது ஈரப்பதத்தோடு மசித்தது. பெரியவர்களுக்கு அதில் துகள் 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண முள்கரண்டியின் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறக்குறைய அதே அளவு என்பதால், வீட்டிலேயே அளந்துவிடலாம். 6 என்பது ஒன்றரை சென்டிமீட்டருக்குள் வெட்டிய மென்மையான துண்டுகள். அம்மாவுக்கு உணவில் எந்த எண், பானத்தில் எந்த எண் என்று தெரபிஸ்டிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உணவு 4 என்று படுகிறது. மேற்கொண்டு அப்படியே வைத்துப் பேசுகிறேன்.

பதம் பார்ப்பது நமக்குப் புதிதா என்ன? பாகுக்குக் கம்பிப் பதம், தோசைக்கு மாவுப் பதம் என்று கண்ணாலேயே பார்க்கிறவர்கள் நாம். 4-க்குப் பதம் இது: கரண்டியில் எடுத்தால் குவியலாக நிற்க வேண்டும். கரண்டியைச் சாய்த்து லேசாக அசைத்தால் மொத்தமும் ஒரே வாயாக வழுக்கி விழ வேண்டும். கரண்டியில் ஒரு மெல்லிய பூச்சுதான் மிஞ்ச வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் பசைத்தன்மை அதிகம், அது தொண்டையிலும் அப்படித்தான் ஒட்டும். தட்டில் வைத்த கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் நீர் விட்டுக்கொண்டால் அதுவும் கூடாது, அந்த நீர் தனியாக ஓடிப் புரை ஏற்றும்.

இங்கேதான் சோறு நம்மை ஏமாற்றுகிறது. வெந்த சோற்றை மிக்ஸியில் வேகமாக அடித்தால் பருக்கை உடைந்து மாவுச்சத்து வெளியே வந்து, போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி ஆகிவிடும். நன்றாக அரைபட்டிருக்கிறதே என்று தோன்றும், ஆனால் விழுங்க அதைவிடக் கஷ்டமானது இல்லை. என் வழி இது: பச்சரிசியை லேசாக வறுத்து, வேக வைப்பதற்கு முன்பே நொய்யாக உடைத்துக்கொள்வேன். பாதிக்குப் பாதி பாசிப்பருப்பு சேர்த்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குழைய வேக வைத்து, சூட்டோடு மத்தால் கடைந்து, நெய் விட்டு, கண் சிறிய சல்லடையில் கரண்டியால் தேய்த்து இறக்குவேன். பருப்பும் நெய்யும் பசையைக் குறைக்கும். மிளகும் சீரகமும் முழுதாகப் போகக் கூடாது. நைஸாகப் பொடித்து நெய்யில் பொரித்துச் சேர்த்தால் வெண்பொங்கல் வாசனை அப்படியே வந்துவிடும். அம்மாவிடம் "பொங்கல்" என்று சொல்லியே கொடுக்கலாம், பொய் இல்லை.

நம் சமையலில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. கீரை மசியல், பருப்புக் கடைசல், பரங்கிக்காய் கூட்டு, கத்தரிக்காய் கொத்சு இவை எல்லாம் மசித்தே சாப்பிடும் பண்டங்கள். நார் எடுத்து, கடுகும் கறிவேப்பிலையும் விழாமல் பார்த்து, சல்லடையில் தேய்த்தால் போதும். தாளிப்பை விட்டுவிடாதீர்கள். எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் பொரித்து, வடிகட்டி, அந்த எண்ணெயை மட்டும் மேலே ஊற்றுங்கள். அதையும் அம்மாவுக்குக் கேட்கிற தூரத்தில் செய்யுங்கள். கடுகு வெடிக்கிற சத்தமும் பெருங்காய வாசனையும் வந்தாலே வாயில் எச்சில் ஊறும். புளிப்பு நாக்கில் பட்டதும் சிலருக்கு விழுங்கும் செயல் சீக்கிரமே தொடங்குகிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அதனால் ருசி இங்கே ஆடம்பரம் கிடையாது.

இப்போது மீன் குழம்பு. வஞ்சிரம் மாதிரி சதைப்பற்றான துண்டாக வாங்குங்கள். குழம்பை உங்கள் அம்மா வைக்கிற அதே கைப்பக்குவத்தில் வையுங்கள், காரத்தை மட்டும் கொஞ்சம் தணித்து. மீன் வெந்ததும் தோலை எடுத்துவிட்டு, சதையை விரலால் ஒருமுறை உதிர்த்து முள் பாருங்கள். இன்னொருவர் கையில் கொடுத்து இரண்டாம் முறையும் பாருங்கள். குழம்பை வடிகட்டிக்கொள்ளுங்கள். உதிர்த்த மீனை, வடிகட்டிய குழம்பு கொஞ்சம், கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி சேர்த்துச் சின்ன ஜாரில் நைஸாக அரைத்து, சல்லடையில் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். தட்டில் பொங்கல் பக்குவத்தில் குழைத்த சோறு ஒரு குவியல், பக்கத்தில் மீன் ஒரு குவியல், மேலே கெட்டியாக்கிய குழம்பு ஒரு கரண்டி. எதையும் கலக்காதீர்கள். கலக்குவதா, தனித்தனியாகச் சாப்பிடுவதா என்பது அம்மாவின் இஷ்டம். முடிந்தால் அரைக்கும் முன்பே குழம்புச் சட்டியை அவர் முன்னால் கொண்டுபோய் மூடியைத் திறந்து காட்டுங்கள். என் அப்பாவுக்கு இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. சட்டியைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் நான் அரைக்கப் போவேன்.

அந்தத் தண்ணீர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், எடை குறைவதற்குப் பெரிய காரணம் அதுதான். அரைபடவில்லை என்று மிக்ஸியில் ஊற்றுகிற ஒவ்வொரு அரை டம்ளர் தண்ணீரும் சாப்பாட்டின் அளவைக் கூட்டுகிறது, சத்தைக் கூட்டுவதில்லை. வயிறு அளவை வைத்துத்தான் போதும் என்கிறது. கணக்காகவே பாருங்கள். 50 கிலோ இருக்கும் அம்மாவுக்கு நாளுக்குச் சுமார் 1,500 கலோரியும் 50 முதல் 60 கிராம் புரதமும் வேண்டும். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் 20 கிராம் அரிசி இருந்தால் கிடைப்பது 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம். ஐந்து டம்ளர் குடித்தாலும் 350 கலோரிதான். "நாள் முழுக்கக் கஞ்சி குடிக்கிறாரே, ஏன் இளைக்கிறார்" என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அதே டம்ளரில் வேறு விதமாகச் செய்யலாம். முளைகட்டிய கேழ்வரகு மாவு 30 கிராம், பால் 200 மில்லி, பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, நெய் ஒரு டீஸ்பூன், கொஞ்சம் வெல்லம். ஏறக்குறைய 350 கலோரியும் 13 கிராம் புரதமும் வந்துவிடும். முளைகட்டிய மாவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி உண்டாகிறது. அதனால் சாதாரண மாவு களியாக இறுகிவிடுகிற அளவிலும், இந்த மாவு இளகலாகவே இருக்கும். ஒரே பதத்துக்குள் அதிக மாவு அடங்கும். நன்றாகக் கொதித்துவிட்டால் நொதி செயலிழந்துவிடும், பிறகு பதம் மாறாது. அப்புறம் அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் பால், கெட்டித் தயிர், தேங்காய்ப்பால், வடிகட்டிய எலும்பு சூப் என்று எதையாவது விடுங்கள். மீன் 80 கிராமில் 16 கிராம் புரதம், இரண்டு முட்டையில் 12, மேலே சொன்ன கஞ்சியில் 13, பாசிப்பருப்பு 30 கிராமில் 7, தயிர் 150 கிராமில் 5. கூட்டினால் 53. எட்ட முடியாத கணக்கு இல்லை. மூன்று வேளை என்று வைக்காமல் ஆறு சின்ன வேளையாகப் பிரியுங்கள். எந்த நேரத்தில் அம்மா தெளிவாக இருக்கிறாரோ, பலருக்கு அது காலை, அந்த வேளையைப் பெரிதாக்குங்கள். முக்கால் மணி நேரம் ஊட்டிக்கொண்டே இருந்தால் களைப்பில்தான் புரை ஏறும். அரை மணியோடு நிறுத்திவிட்டுப் பிறகு தொடருங்கள்.

கஞ்சி, கூழ் கொடுக்கும்போது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கிண்ணத்தில் கெட்டியாக ஆரம்பித்த கஞ்சி பாதியில் நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்குப் போய்வந்த கரண்டியில் இருக்கும் எச்சில், கிண்ணத்தில் உள்ள மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. சோளமாவு போட்டுக் கெட்டியாக்கிய பானத்துக்கும் இதே கதிதான். அதனால் பெரிய கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றி, அதிலிருந்து ஊட்டுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் கெட்டியாக்கும் பவுடரில் சாந்தன் பிசின் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் எச்சில் அதை உடைக்காது.

பானத்தின் பதத்தை ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சால் பார்க்கலாம். உள்ளே தள்ளும் தண்டை உருவிவிட்டு, நுனியை விரலால் மூடிக்கொண்டு 10-ஆம் கோடுவரை நிரப்பி, விரலை எடுத்து, 10 விநாடி கழித்து மறுபடி மூட வேண்டும். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, அதற்கு மேல் மிஞ்சினால் 3, ஒரு சொட்டும் இறங்காவிட்டால் 4. சிரிஞ்சில் பூஜ்யத்திலிருந்து 10 வரையான நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து வாங்குங்கள், எல்லா சிரிஞ்சும் ஒரே நீளமில்லை. பாலில் பவுடர் இறுகத் தண்ணீரைவிட அதிக நேரமாகும்; அவசரப்பட்டு இன்னொரு கரண்டி போட்டால் பத்து நிமிடத்தில் களியாகிவிடும். கெட்டியாக்கிய வெறும் தண்ணீரை யாரும் ஆசையாகக் குடிப்பதில்லை, அதனால் உடலில் நீர் வற்றிப்போகிறது. வடிகட்டிய ரசம், பானகம், எலுமிச்சை ஜூஸ், காபி என எதையும் கெட்டியாக்கலாம். காபியை டபரா டம்ளரிலேயே கொடுங்கள், சிப்பரில் வேண்டாம். இதயம், சிறுநீரகத்துக்காகக் குறைக்கச் சொல்லாவிட்டால் ஒரு நாளில் ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஐஸ்கிரீம், ஜெல்லி வேண்டாம். அவை வாயில் உருகித் தண்ணீராகிவிடும். தர்பூசணிக்கும் அதே காரணம்.

நம் வீடுகளில் புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டி, கையோடு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள். அன்பான வழக்கம்தான். ஆனால் அம்மாவுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். எல்லாவற்றையும்விட வேகமாக மூச்சுக்குழாய்க்குள் ஓடுவது தண்ணீர்தான். கொஞ்சம் முன்னால் சாய்த்து, இருமி முடிக்க விடுங்கள். இருமவும் பேசவும் முடியாமல் திணறினால் அது வேறு விஷயம்: உடனே முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள், ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். இந்த முதலுதவியை வீட்டில் எல்லோரும் தெரபிஸ்டிடம் நேரில் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வது நல்லது. இன்னொன்று, சிலருக்கு உணவு மூச்சுக்குழாயில் போனாலும் இருமலே வராது. சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கொரகொரவென்று இருப்பது, காரணமில்லாத காய்ச்சல், மூச்சு வாங்குவது இவை தெரிந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

உட்காரவைப்பது, ஊட்டுவது பற்றித் தெரபிஸ்ட் சொல்லியிருப்பார். நான் அடிக்கடி பார்க்கிற ஒரு தவறை மட்டும் சொல்கிறேன்: நின்றுகொண்டு ஊட்டுவது. நீங்கள் நின்றால் அம்மா அண்ணாந்து பார்ப்பார், கழுத்து பின்னால் சாயும், மூச்சுக்குழாய் வழி திறந்து நிற்கும். ஸ்டூல் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். டீஸ்பூன் அளவு போதும். தொண்டைக் குமிழ் மேலே ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். அவர் கையால் கரண்டியைப் பிடிக்க முடிந்தால், உங்கள் கை அவர் கையைத் தாங்கட்டும். ஊட்டிவிடுவதைவிட அது பத்திரம், மரியாதையும்கூட. டி.வி. வேண்டாம். ஆனால் தனியாகவும் உட்காரவைக்காதீர்கள். நீங்கள் எல்லோரும் சாப்பிடும்போது அவருக்கும் தட்டு வையுங்கள், அரைத்தது என்பதற்காகக் கட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. முடித்த பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். வலுவில்லாத பக்கத்துக் கன்னத்துக்குள் சாப்பாடு ஒதுங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பல் துலக்குவதை இரண்டு வேளையும் விடாதீர்கள். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்த ஆய்வில், வாயைச் சுத்தமாக வைத்திருந்தவர்களுக்கு நிமோனியா வந்தது 11 சதவீதம், மற்றவர்களுக்கு 19. நுரையீரலைக் கெடுப்பதில் சோற்றுப் பருக்கைக்கு எவ்வளவு பங்கோ, அதோடு சேர்ந்து போகும் வாய்க் கிருமிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஜப்பானைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். அங்கே கடைகளில் இப்படிப்பட்ட உணவுப் பொட்டலங்களில் "எளிதாகக் கடிக்கலாம்", "ஈறால் நசுக்கலாம்", "நாக்கால் நசுக்கலாம்", "மெல்ல வேண்டாம்" என்று நான்கு வகை அடையாளம் போட்டு விற்கிறார்கள். மீனை நொதியில் ஊறவைத்து, மீன் துண்டின் வடிவம் கலையாமலேயே நாக்கால் நசுங்கும் அளவுக்கு மென்மையாக்குகிறார்கள். நம் ஊர் இட்லியையும் பொங்கலையும் மீன் குழம்பையும் யாராவது அப்படிச் செய்து விற்க மாட்டார்களா என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன்.

கடைசியாக, இந்தப் பதம் ஆயுள் தண்டனை இல்லை. பக்கவாதத்தால் வந்த விழுங்கல் சிரமம் பலருக்கு முதல் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். இரண்டு மாதத்துக்கு முன் சொன்ன பதமே இன்றும் தேவையா என்பதை மறுபடி பார்த்தால்தான் தெரியும். எக்ஸ்ரே வழியாகவோ மூக்கு வழியாகக் கேமரா விட்டோ விழுங்குவதைப் பரிசோதிக்கலாம். இந்த மாதமே கேளுங்கள். 4-லிருந்து 5-க்கு வந்தால்கூட சாம்பாரில் ஊறி மசித்த இட்லி தட்டுக்கு வந்துவிடும். நீங்களாகவே பதத்தை மாற்றிப் பார்க்க மட்டும் வேண்டாம். மாத்திரைகளையும் கேட்காமல் பொடிக்காதீர்கள், மெதுவாகக் கரைய வேண்டிய சில மாத்திரைகளை உடைத்தால் ஆபத்து.

நாளைக் காலை வெறும் வயிற்றில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை, அதே நேரம், அதே மாதிரி உடை. இப்படிச் சமைத்தும் இரண்டு வாரத்தில் எடை இன்னும் இறங்கினால், அந்தக் காலண்டரை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சத்துப் பானம் சேர்ப்பதா, சில வாரத்துக்குக் குழாய் வழியாகவும் கொடுப்பதா என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார். குழாய் போட்டாலும் வாய் ருசிக்குக் கொஞ்சம் தரலாமா என்று கேளுங்கள், பலருக்குத் தரலாம். ஞாயிற்றுக்கிழமை அந்த மீன் குழம்பை வைத்துவிட்டு, அம்மா எத்தனை வாய் வாங்கினார் என்று எனக்கு எழுதுங்கள்.